நிரல் மொழிக் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர்கள், வாக்களித்தவர்கள்: வடசென்னை அனுபவங்கள்

காசிமேட்டுக்காரன்:

போன வருடம் ஏப்ரலில் ஒரு திறமூல (யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடிய) கணினி நிரல் மொழியின் வழிநடத்தும் குழுவுக்கு என் பெயரைக் கொடுத்தேன். மொழியின் பெயர் வேண்டாம். சிறியது, வாக்குரிமை உள்ளவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. விதிகள் பைத்தான் என்ற நிரல் மொழியின் ஆட்சிமுறை ஆவணமான பெப் 13ஐப் பார்த்து எழுதியவை: ஐந்து இடங்கள், மொழியைப் பராமரிக்கும் மையக் குழுவில் ஒருவர் முன்மொழிய வேண்டும், தன்னைத் தானே முன்மொழிந்துகொள்வதும் செல்லும்.

மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். அப்பா மொட்டை மாடியில் உட்கார்ந்து வலையின் கிழிசல்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் மடிக்கணினியுடன் வேட்பாளர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். என்னடா இவ்வளவு நேரமாக எழுதுகிறாய் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். நிரலைப் படித்துப் பிரிக்கும் பார்சரை வேகமாக்கியது, நினைவகக் கசிவை அடைத்தது, எத்தனை பிழைகளைத் தீர்த்தேன் என்ற கணக்கு என்று ஆறு பத்தி.

அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் இரண்டு முறை இருந்தவர். "இதெல்லாம் நீ நல்ல வேலைக்காரன் என்று சொல்கிறது. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் என்ன செய்வாய் என்று எங்கேயும் இல்லையே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பைத்தான் கதையைச் சொன்னேன். கைடோ வான் ரோசம் அந்த மொழியை உருவாக்கியவர், கடைசி முடிவு எப்போதும் அவருடையது. வால்ரஸ் என்று செல்லப்பெயர் பெற்ற ஒரு குறியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். குறியை ஏற்றுக்கொண்டார், ஆனால் சலித்துப்போய் 2018 ஜூலையில் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஐந்து பேர் குழு வந்தது. 2019இல் தேர்வான முதல் குழுவில் அவரும் ஒருவர். அப்பா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ஒரு குறிக்காகவா?" என்றார். ஆமாம். "அப்படியானால் நான் கேட்டது சரிதானே?"

அறிக்கையை மாற்றாமலே அனுப்பினேன். ஐந்தாவதாக வந்தேன். ஆனால் இடம் கிடைக்கவில்லை. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது என்பது விதி, பைத்தானிலும் அதுவே. மார்ச்சில்தான் வேலை மாறியிருந்தேன். அதே நிறுவனத்துக்காரர்கள் இருவர் எனக்கு மேலே நின்றார்கள். மூன்றாவது ஆளான என் பெயரை எடுத்துவிட்டு ஆறாவதாக வந்தவரைச் சேர்த்தார்கள். அவர்கள் இருவரையும் நான் நேரில் பார்த்ததுகூட இல்லை, சம்பளம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பதைத் தவிர எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று வீட்டில் புலம்பினேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே முதலாளியின் படகில் போகிற மூன்று பேர் பஞ்சாயத்தில் உட்கார்ந்தால், அந்தப் படகின் கணக்கை யார் கேட்பது?"

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

வியாசர்பாடி வாசகி:

எங்களுக்கு வாக்கெடுப்பே கிடையாது. எங்கள் மொழியின் விதிகள் ரஸ்ட் என்ற நிரல் மொழியைப் பார்த்து எழுதியவை. அங்கே 2021 நவம்பரில், பங்களிப்பவர்களின் நடத்தையை ஒழுங்குபடுத்தும் குழுவினர் மொத்தமாக விலகினார்கள். அப்போது மேலே இருந்த மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. பிறகு 2023 ஜூனில் வந்த தலைமைக் குழுவில், ஒவ்வொரு பெரிய குழுவும் தன் பிரதிநிதி ஒருவரைத் தானே அனுப்புகிறது. படிக்க அழகாக இருக்கிறது. எங்கள் ஆவணக் குழுவில் ஏழு பேர். யாருக்கு விருப்பம் என்று கேட்டதும் ஏழு மைக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. நான் வழக்கம்போல, "வேறு யாரும் இல்லை என்றால்..." என்று வாயைத் திறந்தேன். வாக்கியத்தை முடிக்க விடவில்லை, வாழ்த்துகள் வந்துவிட்டன.

கூட்டம் அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு. நமக்கு இரவு பத்தரை, அவர்கள் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றியதும் பதினொன்றரை. எங்கள் வீட்டில் ஒரே அறை, அக்காவின் குழந்தை தூங்கும். ஆகவே இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவேன். கொசு வேறு. நள்ளிரவில் குழாயடிக்குக் குடங்களோடு இறங்கிய பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் நின்று, "யாரிடம்மா இந்த நேரத்தில் இங்கிலீஷில் சண்டை போடுகிறாய்?" என்று கேட்டார். அது பட்ஜெட் விவாதம். பிரதிநிதிகளின் பயணச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான்கு மாதம் கழித்து, கூட்ட நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். முதல் சுழற்சியிலேயே கலிபோர்னியாக்காரர் ஒருவர் தன் நேரப்படி காலை ஐந்து மணிக்கு விழிக்க வேண்டியிருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே, இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்கவில்லையே என்றேன். கொஞ்சம் துடுக்குதான், ஆனால் திருப்தியாக இருந்தது.

திருவொற்றியூர் முதியவன்:

நான் நின்றதில்லை, வாக்களித்திருக்கிறேன். எங்களுடையது வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் முறை. (பைத்தான்காரர்களும் 2018 டிசம்பரில் ஏழு ஆட்சிமுறைத் திட்டங்களை இப்படித்தான் வரிசைப்படுத்தி, 8016 எண்ணுள்ளதைத் தேர்ந்தெடுத்தார்கள்.) தெரிந்த நான்கு பேருக்கு எண் போட்டேன். தெரியாதவர்களை, நடுநிலை என்று நினைத்து, வெற்றாக விட்டேன். வெற்றாக விட்டால் கடைசி இடம் என்று வாக்குச்சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. முடிவு வந்தபோது ஒரு பெண் ஒரே ஒரு வாக்கில் தோற்றிருந்தார். யார் என்று தேடினேன். நான் தினமும் திறக்கும் பிழைப் பட்டியலை ஆறு வருடமாகச் சுத்தம் செய்துவருபவர் அவர்தான். பெயரைக் கவனித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன், மனைவிக்குப் பரிட்சைக்குப் படிக்கிறவனைப் பார்ப்பது போல் இருக்கிறதாம்.

காசிமேட்டுக்காரன்:

முதியவர் ஐயா, சின்ன எழுத்து பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் சீட்டையும் போய்ப் பார்த்தேன், இருக்கிறது.

மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். என் நிறுவனத்துக்காரர்கள் இருவரில் ஒருவர் இந்த முறை நிற்கவில்லை. அறிக்கை நான்கு வாக்கியம்தான்: என்ன முடிவெடுத்தாலும் காரணத்தை எழுதி வைப்பேன், என் நிறுவனம் சம்பந்தப்பட்டதில் விலகி நிற்பேன், மாதம் இத்தனை மணி நேரம் தருவேன், நான்காவது எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பது. மறுபடி தடைக்காலம், அப்பா மாடியில்தான் இருந்தார். படித்துக் காட்டினேன்.

"கடைசி வரியை எடுத்துவிடு. கெஞ்சுவது போல் இருக்கிறது."

எடுத்துவிட்டேன். சனிக்கிழமை முடிவு.