செலியாக் நோயை அறிந்த வைத்தியரைத் தேடி

வெள்ளவத்தையிலிருந்து:

என் மனைவியின் குருதிச்சோகை பல ஆண்டுகளாகத் தீரவில்லை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்த வைத்தியர்கள் எவரும், விழுங்கிய இரும்பு ஏன் உடலில் சேரவில்லை என்று ஆராயவில்லை. வயிற்றுப் பொருமலுக்கு 'காஸ்ட்ரைட்டிஸ்' என்றார்கள். வயிற்றோட்டத்துக்கு மன அழுத்தத்தைக் காரணம் காட்டினார்கள். கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளுட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவதே செலியாக் நோய்; சோறு உண்ணும் நாட்டில் இது வராது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. காலையில் பாண், இரவில் கொத்து ரொட்டி என்று கொழும்பில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன!

கடைசியில் ஒருவர் செலியாக் நோயைச் சந்தேகித்தார். ஆனால் பரிசோதனை எதுவும் எழுதாமல், கோதுமையை நிறுத்திப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். நிறுத்தியதும் சுகம் தெரிந்தது. பிறகு சனல் செய்து (முன்பதிவு செய்து) சந்தித்த குடலியல் நிபுணர்தான் அதிலுள்ள சிக்கலை விளக்கினார். குளுட்டனை விட்டுவிட்டால் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் குறைந்து, சிறுகுடலின் உட்சுவரும் ஆறத் தொடங்குவதால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே குறைந்தது 6 வாரங்கள், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் கோதுமை உண்டபின் வரச் சொன்னார். அந்த வாரங்கள் அவளுக்குப் பெரும் வேதனையாக இருந்தன. இந்நோய்க்குரிய பிறபொருளெதிரியைத் தேடும் டி.டி.ஜி இரத்தப் பரிசோதனையுடன், அந்தப் பிறபொருளெதிரி சேர்ந்த வகையான ஐ.ஜி.ஏ-யின் மொத்த அளவையும் அவர் சேர்த்தே எழுதினார், ஐ.ஜி.ஏ இயல்பாகவே குறைந்தவர்களுக்கு முதற்சொன்ன பரிசோதனை ஏமாற்றிவிடுமாம். பின்னர் எண்டோஸ்கோப்பி செய்து, முன்சிறுகுடலில் பல இடங்களிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து நோயை உறுதிசெய்தார்.

அவர் விடயம் தெரிந்தவர் என்பதை அவருடைய கேள்விகளே காட்டின. இடியப்பத்துக்கு அரிசி மாவா, கோதுமை மாவா? சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம்? வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். சேர்பொருட்களில் கோதுமை மா இருந்தது. பார்லியிலிருந்து செய்யப்படும் மோல்ட் பானமும், கோதுமை சேர்ந்த சோயா சோஸும் அன்றே அடுக்களையை விட்டுப் போயின.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கனடாவில் என் அண்ணாவுக்கு இந்நோய் கண்டறியப்பட்டதும், உடன்பிறந்தோரும் பரிசோதிக்க வேண்டும் என்று அங்குள்ள வைத்தியர் சொல்லியிருந்தார்; பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும். இங்கே நான் முதலில் பார்த்தவர், வயிற்றோட்டம் இல்லாதபோது பரிசோதனை எதற்கு என்று மறுத்துவிட்டார். அடுத்துச் சந்தித்த பெண் வைத்தியரோ அண்ணாவின் அறிக்கையை முழுவதும் வாசித்தார். வயிற்றில் எந்த அறிகுறியும் காட்டாமல் இரும்புக் குறைபாடாகவோ எலும்புத் தேய்வாகவோ மட்டும் இது வெளிப்படலாம் என்று சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எனக்கும் நோய் உறுதியாகிவிட்டது. எலும்பின் அடர்த்தியைப் பார்த்தாயிற்று. இனி என் பிள்ளைகள் இருவரையும் பரிசோதிக்க வேண்டும், அதுவரை அவர்களுடைய பாணை நிறுத்தக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.