புது மாடல் எஸ்யூவி: நாகர்கோவில், மதுரை பக்கம் யாருக்காவது கிடைத்ததா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். 2026 மாடல் எஸ்யூவிக்கு நெல்லையில் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். உற்பத்தி தாமதம் என்கிறார்கள். இப்போது, 2025இல் தயாரான வண்டி கையிருப்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் ஏறிவிடும், நாளைக்கு விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அப்பாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப்போக வேண்டும். பழைய காரின் தாழ்ந்த சீட்டில் இருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அதுதான் அவசரம்.

நாகர்கோவில், மதுரையில் யாருக்காவது சமீபத்தில் டெலிவரி ஆனதா? இங்கே ரத்து செய்தால் முன்பணம் முழுதாகத் திரும்புமா? விலை ஏறினால் புக்கிங் அன்றைய விலையா, பில் போடும் அன்றைய விலையா? வண்டி எடுத்தவர்கள் சேசிஸ் எண்ணின் 10ஆவது எழுத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். பொதுவாக 'எஸ்' என்றால் 2025, 'டி' என்றால் 2026.