திருச்சி - கொல்லிமலை சைக்கிள் பயணம்: ஜிபிஎஸ் வாங்கவா, காகித மேப் போதுமா?

ஸ்ரீரங்கம் சைக்கிள்காரன்:
பொங்கல் கழிந்ததும் கொல்லிமலைக்கு சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறேன். தனியாகத்தான். முதல் நாள் குணசீலம், முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். மறுநாள் சேந்தமங்கலம், காரவள்ளி, அப்புறம் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள்.

நண்பர் ஒருவர் ஹேண்டில்பாரில் மாட்டும் தன்னுடைய பழைய ஜிபிஎஸ் கருவி கார்மின் எட்ஜ் 530-ஐ 11,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வீட்டிலோ, "கையிலதான் போன் இருக்கே, அது எதுக்கு?" என்கிறாள். போனை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை பட்டாயிற்று. போன மே மாதம் முசிறி தாண்டி ஒரு வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விட்டது. கரை முழுக்கக் கருவேல முள், இரண்டு சக்கரமும் பஞ்சர். வெயிலில் கொதித்துப் போனும் அணைந்துவிட்டது. வாழைத்தார் ஏற்ற வந்த டாடா ஏஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

எனக்கென்னவோ ஒரு காகித மேப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும் என்று படுகிறது. அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

டாப்கியர் தம்பி:
வாங்கிவிடுங்கள் அண்ணே. 530-இல் தொடுதிரை கிடையாது, பொத்தான்தான். வியர்வைக் கைக்கும் மழைக்கும் அதுதான் சரி. புதிதில் பேட்டரி 20 மணி நேரம் என்பார்கள். இது பழசு என்பதால் ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ரூட்டை முன்கூட்டியே ஏற்றி வைத்தால், ஏற்றம் இன்னும் எவ்வளவு பாக்கி என்றும் காட்டும். அதைப் பார்த்தால் காலுக்குத் தைரியம் வரும், சில சமயம் போகவும் செய்யும்.

ஒத்தையடி:
நாமக்கல் வரைக்கும் உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட்டில் இடது பக்கம் திரும்புங்கள். தொட்டியம் வரை ஆறு உங்கள் இடது கைப்பக்கமே வரும். இதற்கு 11,000 ரூபாயா?

மேப் வேண்டியது மலைக்கு. நான் பட்ட கதையைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் துறையூர் பக்கமிருந்து போனேன். என் கருவியின் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் அடிவாரத்துப் புளியஞ்சோலையும் மலை மேலே ஆகாய கங்கை அருவியும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. நடுவில் ஒரு புள்ளிக்கோடு வேறு. காரவள்ளி வரை சுற்றுவானேன் என்று புளியஞ்சோலைக்கே போய்விட்டேன். அங்கே டீக்கடைப் பாட்டி சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா?" என்றார். அது நடைபாதை, பாறையைப் பிடித்து ஏறுவது.

ஊருக்கு வந்து சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. அந்த இடத்தில் சீப்புப் பல் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவு செங்குத்து. என் கட்டைவிரல் அகலத்துக்குள் பதினைந்து வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். முந்தின நாள் ஐந்து நிமிடம் இதைப் பார்த்திருந்தால் பாட்டியிடம் பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்.

இந்தத் தாள்களை 2017-இலிருந்து இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிறது. ஏ3 தாளில் மலைப் பகுதியை மட்டும் எடுங்கள், இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஜெராக்ஸ் கடைப் பையன் பழக்கதோஷத்தில் 'ஃபிட் டு பேஜ்' தட்டிவிடுவான், அளவே போய்விடும். பக்கத்தில் நின்று அசல் அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் எந்த வருடம் அளந்தது என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள். மலை நகராது, ரோடு நகரும். புதுப் பைபாஸ் எதுவும் அதில் இருக்காது.

ஆனால் ஓட்டும்போது மேப்பைப் பிரிக்க முடியாது. காற்று பிடுங்கிவிடும். ப்ரெவே என்று கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம்தான், நின்று நின்று பார்க்க நேரம் ஏது? பலபேர் ஹேண்டில்பாரில் ஒட்டியிருப்பது க்யூ ஷீட், அதாவது எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதிய துண்டுச்சீட்டு. நான் கூடவே 'பெட்ரோல் பங்க் வந்தால் தாண்டிவிட்டாய்' என்றும் எழுதிக்கொள்வேன். மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள், வியர்வையில் மை கரையாது.

போன் பையிலேயே இருக்கட்டும், மேப்பை மட்டும் முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். பேட்டரியைத் தின்பது முக்கியமாகத் திரைதான்.

சேந்தமங்கலம் அக்கா:
ஏறும்போது மேப்பும் வேண்டாம், கருவியும் வேண்டாம். வளைவுக்கு வளைவு நம்பர் பலகை இருக்கிறது. 40-க்கு மேல் அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது!

இறங்கும்போதுதான் கவனம். முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கினால் ராசிபுரம் போய்ச் சேருவீர்கள். நாமக்கல் லாட்ஜில் பையை வைத்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள். சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஸ்ரீரங்கம் சைக்கிள்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கருவியை இந்த ஒரு பயணத்துக்கு இரவல் தருவதாக நண்பர் சொல்லிவிட்டார்.

நேற்று ஏ3 தாளை எடுத்து வந்து கூடத்தில் விரித்தேன். வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அறப்பளீஸ்வரர் கோயில் எங்கே, ஆகாய கங்கை எங்கே என்று அரை மணி நேரம் விரலால் தேடினாள். இப்போது நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் மேலே வந்துவிடுகிறாளாம். நான் எத்தனை மணிக்கு மேலே வந்து சேருவேன் என்று கேட்கிறாள். 70 வளைவுக்கு எவ்வளவு நேரம் சொல்லலாம், ஒத்தையடி சார்?