தெர்மாகோல் மாதிரிக்கு மாற்றாக, சூரியக் குடும்பத்தை மாணவர்களே செய்து அறிவது எப்படி?

கேள்வி: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் சூரியக் குடும்பம் பாடம் நடத்தி முடித்து, வழக்கம்போல் மாதிரி ஒன்று செய்து வரச் சொன்னேன். முப்பத்து நான்கு பேரில் பெரும்பாலோர் கடையில் வாங்கிய தெர்மாகோல் பந்துகளுக்கு வண்ணம் பூசி, ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்துக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தன. ஆனால் மறுநாள், "பூமியிலிருந்து செவ்வாய் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டபோது ஒரு மாணவி தன் மாதிரியில் விரலை வைத்து, "பக்கத்திலேயே இருக்கு டீச்சர்" என்றாள். அவள்மீது குற்றமில்லை, நான் செய்யச் சொன்ன மாதிரிதான் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கோள்களின் அளவு, இடைவெளி, இயக்கம் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் கையாலும் காலாலும் உணரும்படியான செயல்பாடுகள் இருந்தால் சொல்லுங்கள். பள்ளியில் விளையாட்டுத் திடலும் வாசலில் நேரான ஊர்ச்சாலையும் உண்டு. செலவு செய்யப் பணம் இல்லை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. சமையலறைப் பொருள்களே போதும். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு பெரிய தேங்காய் ஆகிவிடும். அந்த அளவில் தேங்காய் கிடைக்காவிட்டால் மஞ்சள் அட்டையை வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். புதனும் செவ்வாயும் ஆளுக்கொரு ரவைத் துகள், வெள்ளியும் பூமியும் சிறு கடுகு, வியாழன் கோலிக்குண்டு, சனி சுண்டைக்காய், யுரேனசும் நெப்டியூனும் மிளகு. ஒவ்வொன்றையும் தனித்தனி வெள்ளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

தேங்காயைப் பள்ளி வாசலில் வைத்துவிட்டு, எதையும் அளப்பதற்கு முன்னால், பூமி எங்கே இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்களோ அங்கே அவர்களையே போய் நிற்கச் சொல்லுங்கள். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் நடத்திய வகுப்புகளில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று எட்டுகளிலேயே நின்றுவிடுவார்கள். பிறகு அளவுநாடாவைப் பிடித்தால் புதன் 6 மீட்டரிலும் வெள்ளி 11 மீட்டரிலும் பூமி 15 மீட்டரிலும் செவ்வாய் 23 மீட்டரிலும் வரும். அதன்பின் வியாழனுக்காக 78 மீட்டர்வரை நடக்க வேண்டியிருக்கும்போது பிள்ளைகளின் பேச்சு தானாகக் குறைந்துவிடும். சனிக்கு 143 மீட்டர், யுரேனசுக்கு 287, நெப்டியூனுக்கு 450. சாலையில் போக்குவரத்து குறைந்த காலை வேளையைத் தேர்ந்துகொண்டு இன்னோர் ஆசிரியரையும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நிலவை மறந்துவிட வேண்டாம். கடுகிலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கூரிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் அதுதான் நிலவு. மனிதர்கள் விண்வெளியில் சென்ற அதிகபட்சத் தொலைவு ஏறத்தாழ அந்த நான்கு சென்டிமீட்டர்தான் என்று சொல்லும்போது பிள்ளைகள் அட்டைமேல் குனிந்து பார்ப்பார்கள்.

நேரமிருந்தால் ஒளியையும் நடத்திக் காட்டலாம். இந்த அளவில் ஒளி நொடிக்கு 3 செ.மீ. மட்டுமே நகரும். தேங்காய்க்கும் கடுகுக்கும் இடையே நூல் கட்டி, ஒரு மாணவர் நொடிக்கு 3 செ.மீ. வீதம் விரலை நகர்த்த மற்றவர்கள் எண்ணிக்கொண்டே வந்தால், கடுகைத் தொட 500 நொடிகள், அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த எண்ணை அவர்கள் காத்திருந்து தெரிந்துகொள்வார்கள்.

மறுமொழி 2: உயர்நிலைப் பள்ளி ஆசிரியை

ஐயா சொன்ன நடையை நானும் ஆண்டுதோறும் செய்கிறேன். அதோடு நிறுத்தினால், கோள்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன என்ற எண்ணம் இன்னும் வலுப்பட்டுவிடும் என்பதே என் கவலை. ஆகவே மறுநாள் திடலில் கோள்களைச் சுற்ற விடுங்கள்.

நடுவில் ஒரு குச்சியை நட்டு, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் 2, 3.6, 5, 7.6 மீட்டர் ஆரங்களில் நான்கு வட்டங்கள் போடுங்கள். அவை புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியவற்றின் பாதைகள். ஒரு கைத்தட்டல் 30 நாள். புதன் வட்டத்தில் 3 குறிகளும், பூமியில் 12 குறிகளும், செவ்வாயில் 23 குறிகளும் சம இடைவெளியில் இட்டு, தட்டலுக்கு ஒரு குறி வீதம் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர வேண்டும். வெள்ளிக்கு மட்டும் 15 குறிகள் இட்டுத் தட்டலுக்கு இரண்டு குறி தாண்டச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் தட்டலில் பூமி ஒரு சுற்றை முடிக்கும்போது புதன் நான்கு சுற்று முடித்திருக்கும். செவ்வாய் பாதியைத்தான் கடந்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கு இரண்டு குறி பின்தங்கி இருக்கும்படி பூமி மாணவரை நிறுத்தி, ஒவ்வொரு தட்டலுக்கும் செவ்வாயை நோக்கிக் கையை நீட்டி, அந்தக் கை திடலுக்கு வெளியே தொலைவில் உள்ள எந்த மரத்தைக் காட்டுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். பூமி செவ்வாயை முந்திச் செல்லும் இரண்டு தட்டல்களில் கை பின்பக்கமாகத் திரும்பும். பிறகு மீண்டும் முன்னே போகும். பஞ்சாங்கத்தில் 'வக்கிரம்' என்று போட்டிருப்பது இதைத்தான். செவ்வாய் உண்மையில் திரும்பி நடக்கவில்லை, நாம் அதை முந்துவதால் அப்படித் தோன்றுகிறது என்பதை என் மாணவர் ஒருவர் வீட்டில் தாத்தாவுக்கு நான்கு தம்ளர்களை வைத்து விளக்கிக் காட்டியிருக்கிறார். அதே வட்டத்தில் பூமி மாணவரைச் சூரியனுக்கு முதுகுகாட்டி நிற்கவைத்தால், நள்ளிரவில் வெள்ளியை ஏன் பார்க்க முடியாது என்பதும் விளங்கிவிடும்.

கேட்டவர் மீண்டும்: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் ரவை காற்றில் பறந்துபோய்விட்டதால், புதனையும் செவ்வாயையும் செல்லோடேப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மறுநாள் திரும்பவும் நடந்தோம். அன்று "பக்கத்திலேயே இருக்கு" என்று சொன்ன அதே மாணவி நெப்டியூன் அட்டையைப் பிடித்துக்கொண்டு 450 மீட்டரில் நின்றாள். தேங்காய் தெரிகிறதா என்று கேட்க நாங்கள் கையசைத்தோம். அவள் இல்லை என்று தலையசைத்ததுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது?" என்பது. அவளுக்கு என்ன சொல்லலாம்?

மறுமொழி 3: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

மிக்க மகிழ்ச்சி அம்மா. நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் தொகுதி ஆல்பா சென்டாரி. அதில் உள்ள பெரிய விண்மீன் நம் சூரியனைவிடச் சற்றே பெரியது. எனவே அதுவும் ஒரு தேங்காய்தான். அதை நம் தேங்காயிலிருந்து ஏறத்தாழ 4,000 கி.மீ. தள்ளி வைக்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர்வரை நேர்கோட்டில் போனாலே சுமார் 2,900 கி.மீ.தான் வரும். விடையை நீங்கள் சொல்லிவிடாமல், வகுப்பில் உள்ள ஆசிய வரைபடத்தையும் ஒரு நூலையும் அவளிடம் கொடுத்து, நம் ஊரிலிருந்து 4,000 கி.மீ. எந்தெந்த நாடுகள்வரை போகிறது என்று அவளையே அளக்கச் சொல்லுங்கள்.