தேன்கூட்டு பேனலில் தண்ணீர்: நியூட்ரான் படத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ரிவெட்:
ஒரு ரடர், விமான வாலில் திசை திருப்பும் பலகை. உள்ளே தேன்கூடு மாதிரி அலுமினிய அறைகள், இருபுறமும் மெல்லிய தோல். தட்டிப் பார்த்தால் சத்தம் சுத்தம், எக்ஸ்ரேயிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. 177 டிகிரி செல்சியஸில் ஒட்டுவேலைக்குப் போக வேண்டியது, அதற்கு முன் நியூட்ரான் படம் எடுத்தார்கள், எக்ஸ்ரே மாதிரிதான், எக்ஸ்ரேக்குப் பதில் நியூட்ரான் கற்றை. ரடரை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். திரையில் அலுமினியம் கண்ணாடி மாதிரி மங்கிப்போய், கீல் பக்கம் அறுகோண அறைகள் மட்டும் வரிசையாகக் கருத்திருந்தன. ஒரு அறையில் பாதிவரைதான் கருப்பு. நீர்மட்டமே தெரிந்தது! ஒட்டுவேலையின் அந்தச் சூட்டில் நீராவி அழுத்தம் 9 பாருக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல சுமார் ஒன்பது மடங்கு போகும். தோல் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். இன்றைக்கும் அந்தப் பாதி அறை கண்ணிலேயே நிற்கிறது.

கீல்:
எக்ஸ்ரேயை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் ரிவெட். அறை நிறையத் தண்ணீர் இருந்தால் அதிலும் தெரியும். கொஞ்சமாக இருந்தால்தான் திண்டாட்டம். நியூட்ரானும் ஹைட்ரஜனைத்தான் பிடிக்கிறது, பசையிலும் ஹைட்ரஜன் உண்டு. எங்களுக்கு வந்த படத்தில் ஒரு கருந்திட்டு. தண்ணீர்தான் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். பேனலைத் தலைகீழாக்கி மறுபடி எடுத்தோம், திட்டு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பசை.

ஹேங்கர்வாசி:
நான் பார்த்தது ஒரு ஃபிளாப், இறக்கையின் பின்விளிம்புப் பலகை. காயவைத்து அனுப்பியதுதான், படத்தில் ஓர அறைகளில் இன்னும் ஈரம். சொல்ல வந்தது வேறு. நியூட்ரான் தரும் அணு உலை எல்லாருக்கும் கிடைக்காது. அதனால் விமானம் இறங்கிய கையோடு தெர்மோகிராபி, அதாவது வெப்பப் படம், எடுத்துப் பாருங்கள். உள்ளே உறைந்த பனி உருகும்வரை அந்த இடம் குளிர்ந்தே காட்டும். சந்தேகப்பட்டதை மட்டும் நியூட்ரானுக்கு அனுப்புங்கள். உலர்த்தும்போது வெற்றிடம் வைத்து, மிதமான சூட்டில், நிதானமாகப் போங்கள். முதலில் தண்ணீர் புகுந்த வழியை அடையுங்கள், போல்ட் துளையோ விளிம்பு சீலோ. இல்லாவிட்டால் மறுபடி புகும், மேலே உறையும், 9 சதவீதம் விரியும், அறைச்சுவர் கிழியும். படம் எடுத்ததும் பேனலைத் தொடாதீர்கள். நியூட்ரான் பட்டதால் அலுமினியத்தில் உண்டாகும் கதிரியக்க அலுமினியம்-28-இன் அரையாயுள் 2 நிமிடத்துக்குச் சற்று மேல்தான், ஆனாலும் கதிர்வீச்சை அளந்த பிறகே கை வையுங்கள்.

ரிவெட்:
கீல், எங்கள் ரடரில் தண்ணீர்தான். நீர்மட்டம் கிடையாகக் கிடந்தது, பசை அப்படிக் கிடக்காது. ஹேங்கர்வாசி, கிங்ஸ்டனில் கனடா ராணுவக் கல்லூரியின் ஸ்லோபோக் உலை 20 கிலோவாட்தான், அதில் சிஎஃப்-18 போர் விமானங்களின் ரடர்களைப் பார்த்தார்கள். பெரிய உலைதான் வேண்டும் என்றில்லை. அந்த ஃபிளாப்பில் ஈரம் விளிம்போரம் மட்டுமா, நடுவிலும் நின்றதா?