ட்ராக்ஸ் குழுவில் எப்போது யார் இருந்தார்கள்? 1969க்குப் பிறகு வந்ததைக் கேட்கலாமா?

மூன்றுகார்டு:
கிதார் கற்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. முழுசாகக் கைக்கு வந்த முதல் பாட்டு 'வைல்ட் திங்'. பெரும்பாலும் ஏ, டி, இ என்று மூன்றே கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது). 1967இல் அமெரிக்காவின் மான்டெரே இசை விழாவில் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதை வாசித்துத்தான் கிதாரைக் கொளுத்தினார், அதனால் அவருடைய பாட்டு என்றே நினைத்திருந்தேன். அதற்கு ஒரு வருடம் முன்பே இங்கிலாந்தின் ட்ராக்ஸ் என்ற ராக் குழு இதைப் பெரிய ஹிட்டாக்கியது இப்போதுதான் தெரிந்தது. கேட்டதிலிருந்து பைத்தியமாகிவிட்டேன். ஆனால் ஒரு தொகுப்பின் அட்டையில் நான்கு முகம், இன்னொன்றில் வேறு முகங்கள். அசல் ஆட்கள் யார், யார் போனார்கள், எதுவரை கேட்பது?

கரகரப்பு:
ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் என்று ஒரு சின்ன ஊர், அங்கே 1964இல் தொடங்கிய குழு. முதல் பெயர் ட்ரோக்லடைட்ஸ், அதாவது குகைவாசிகள். அப்போது ரெஜ் பால் பாடகரே இல்லை, பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். பாடகரும் லீட் கிதார்காரரும் விலகிய பிறகு, அதே ஊரில் டென் ஃபுட் ஃபைவ் என்ற குழுவில் இருந்த கிறிஸ் பிரிட்டன் (கிதார்), பீட் ஸ்டேபிள்ஸ் (பேஸ்) இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பேஸுக்கு ஆள் வந்துவிட்டதால் ரெஜ் மைக் முன்னால் போனார். டிரம்ஸ் ரோனி பாண்ட். நீங்கள் கேட்கும் அசல் நால்வர் இவர்கள்தான். ரெஜ் பால், ரெஜ் பிரெஸ்லி ஆனதெல்லாம் அப்புறம்.

ரெஜ் கொத்தனார். 'வைல்ட் திங்' பிரிட்டிஷ் ஹிட் பாட்டுப் பட்டியலில் முதல் பத்துக்குள் வரும்வரை செங்கல் வேலையை விடவில்லை. அவர் குரலில் எனக்குப் பிடித்ததே அதுதான், பாடுவதற்கென்று எந்த அலங்காரமும் செய்துகொள்ளாத குரல். பாட்டு அமெரிக்கர் சிப் டெய்லர் எழுதியது. மேனேஜர் லாரி பேஜ் தன் ஆர்கெஸ்ட்ரா பதிவுக்காக எடுத்திருந்த ஸ்டுடியோ நேரத்தில் கடைசியில் மிஞ்சியதை இவர்களுக்குக் கொடுத்தார், அந்த அவசரத்தில் பதிவானது. 1966இல் பிரிட்டனில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 1ஆம் இடம். அடுத்த பாட்டு 'வித் எ கேர்ள் லைக் யூ' பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம், அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபோது அங்கே போய் வாசிக்க இவர்களுக்கு வாய்க்கவில்லை. விநியோக உரிமைச் சண்டையில் ஒரே பாட்டு அட்கோ, ஃபொன்டானா என்று இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களின் லேபிளில் ஒரே நேரத்தில் வெளிவந்தது. 1968இல் போய்ச் சேர்ந்தபோது அலை அடங்கியிருந்தது.

வினைல்பித்தன்:
மேலே சொன்னது சரி. அங்கிருந்து தொடர்கிறேன். 1969இல் குழு கொஞ்ச காலம் பிரிந்தது, ரோனியும் ரெஜ்ஜும் தனித்தனியாகப் பாட்டு வெளியிட்டார்கள். திரும்பச் சேர்ந்தபோது பேஸில் பீட் ஸ்டேபிள்ஸ் இல்லை, பிளாஸ்டிக் பென்னி குழுவிலிருந்து டோனி மர்ரே வந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் கிறிஸ் பிரிட்டனும் விலக, கிதாருக்கு ரிச்சர்ட் மூர். கிறிஸ் பிறகு திரும்பி வந்து நெடுங்காலம் வாசித்தார். எண்பதுகளில் ரோனி விலகி டேவ் மேக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார்.

1969க்குப் பிறகு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுகிறார்கள், அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1972இல் வந்த 'ஃபீல்ஸ் லைக் எ வுமன்' கேளுங்கள், கிதார் ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி இருக்கும், அறுபதுகளின் ஹிட்டுகளைவிட முரடு. பட்டியலில் ஏறவில்லை என்பதற்காக நல்ல பாட்டு கெட்ட பாட்டாகிவிடுமா?

மழைக்காலம்:
எனக்கு இந்தக் குழு என்றால் 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்' தான், 1967. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் ஜாய்ஸ்ட்ரிங்ஸ் குழுவை டிவியில் பார்த்த சூட்டோடு ரெஜ் எழுதியது. 1994இல் வெட் வெட் வெட் என்ற குழு அதைப் பாடி 15 வாரம் பிரிட்டனில் முதலிடம். வந்த ராயல்டியில் ரெஜ் பங்களா வாங்கினாரா என்று தேடினால், பயிர் வயல்களில் தோன்றும் வட்டங்களை ஆராயச் செலவழித்திருக்கிறார்! மனிதரை அப்போதே இன்னும் பிடித்துப்போனது.

அதற்கு முன்பே 1992இல் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆட்கள் பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெர்ரி மூவரும் ஜார்ஜியாவின் ஏதென்ஸில் இவர்களோடு சேர்ந்து 'ஏதென்ஸ் ஆண்டோவர்' ஆல்பத்தைச் செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ரோனி பாண்ட் இறந்தார். ரெஜ் நுரையீரல் புற்றுநோயால் 2012இல் ஓய்வு அறிவித்தார், 2013 பிப்ரவரி 4 அன்று 71 வயதில் போய்விட்டார். கிறிஸ் ஆலன் பாட வந்து குழு தொடர்ந்தது. மேடையில் கிறிஸ் பிரிட்டன் இருந்தவரை அதை ட்ராக்ஸ் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மூன்றுகார்டு:
எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி முழுக்க இதே வேலைதான். 'ஃபீல்ஸ் லைக் எ வுமன்' நாலு தடவை போட்டுவிட்டேன். இன்னொரு சந்தேகம்: 'வைல்ட் திங்' நடுவில் புல்லாங்குழல் மாதிரி ஒன்று வருகிறதே, கிதாரில் அந்த இடத்தில் என்ன செய்வது?

கரகரப்பு:
புல்லாங்குழல் இல்லை, ஒகரினா. முட்டை வடிவத்தில் கைக்குள் அடங்குகிற ஊதல். சிப் டெய்லரின் டெமோவில் (மாதிரிப் பதிவில்) யாரோ கைகளைக் குவித்து ஊதிய சத்தம் இருந்தது, அதற்குப் பதிலாக இதை ஊதியிருக்கிறார்கள். ஹெட்போனில் கேளுங்கள், மூச்சு கொஞ்சம் தடுமாறுவதுகூடத் தெரியும், அதை யாரும் திருத்தவில்லை. நீங்கள் கிதாரில் மெல்லிய இரண்டு கம்பியில் மெட்டை மட்டும் ஒற்றை ஒற்றையாகத் தொடுங்கள், வேகம் வேண்டாம். ரெஜ் பேசுகிற மாதிரிப் பாடும் இடத்தில் மட்டும் கம்பிகளை உள்ளங்கையால் சட்டென்று அமுக்கி நிறுத்துங்கள். அந்த நிசப்தத்தில்தான் அவர் குரல் வரும்.