புதுப்பிப்பு: ஏஎஸ்சிபிஐ எம்எல்எஸ் தேர்வு, இரண்டாவது தடவை பாஸ்

ஏஎஸ்சிபிஐ எம்எல்எஸ் என்பது மருத்துவ ஆய்வகப் பணியாளர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ் தேர்வு. முதல் தடவை ரத்த வங்கிப் பகுதியில் சறுக்கி, பாஸாகத் தேவையான 400 மதிப்பெண் எட்டவில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன வாரம் பாஸ் ஆகிவிட்டேன்.

கைகொடுத்தது, ஆன்டிபாடி பேனலை (நோயாளியின் ரத்தத்தில் எந்த ஆன்டிபாடி இருக்கிறது என்று, ஆன்டிஜென்கள் தெரிந்த பல சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் சோதனை) தாளில் போட்டுப் பழகச் சொன்ன யோசனைதான். ஷிப்ட் முடிந்ததும் தினம் ஒன்று. ரியாக்‌ஷன் வராத செல்லில் இருக்கும் ஆன்டிஜென்களை, அவற்றுக்கான ஆன்டிபாடி இல்லை என்று பென்சிலால் அடித்துக்கொண்டே வரணும். கிட், டஃபி ரத்த வகை ஆன்டிஜென்கள் என்றால் ஹோமோசைகஸ் செல்லை (அந்த ஆன்டிஜெனுக்கான மரபணு இரண்டு பிரதியும் உள்ள செல்) வைத்துத்தான் அடிக்கணும். முன்பு கோட்டை விட்டது அங்கேதான்.

எதிர்பாராதது: 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். சரியாகப் போடப் போட அடுத்தது கடினமாக வருகிறது. பாதியிலேயே போச்சு என்று நினைத்தேன்! முடித்ததும் திரையிலேயே முடிவு காட்டியது.

சான்றிதழ் 3 வருடத்துக்குத்தான். அதற்குள் 36 புள்ளி தொடர்கல்வி சேர்க்கணும்.